கேட்காமல் விட்ட மூன்று சொற்கள்

"எனக்கு இங்கிலீஷ் தெரியும் டீச்சர். ஆனா புரிய மாட்டேங்கு."

கோமதிநாயகம் இப்படிச் சொன்னதும் வகுப்பில் இருந்த நர்ஸ் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஜெசிந்தா டீச்சர் சிரிக்கவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே தகரம் போட்ட மாடி. வெளிநாட்டு வேலைக்குப் போகிற நர்சுகளுக்கு அவள் அங்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாள். வயது முப்பத்தெட்டு. பதினோரு வருடம் இங்கிலாந்தில் நர்சாக இருந்துவிட்டு, போதும் என்று திரும்பி வந்தவள். ஏன் போதும் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்லுகிற ஆளில்லை.

கோமதிநாயகத்துக்கு அறுபத்து மூன்று. முப்பத்தைந்து வருடமாகப் பத்திரம் எழுதுகிறவர். மகள் வயதில் இருக்கிற ஒருத்தி முன்னால் பாடம் கேட்டு நிற்க அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றார்.

"என்ன தெரியும்? சொல்லுங்க அண்ணாச்சி."

அவர் சொன்னார். 'ஹியரின்ஆஃப்டர்' தெரியும். 'என்கம்பரன்ஸ்' தெரியும். 'இர்ரிவோக்கபிள் பவர் ஆஃப் அட்டர்னி' தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுத்துப்பிழை இல்லாமல் வரும். வார்த்தை எவ்வளவு நீளமோ அவ்வளவு இங்கிலீஷ் அதற்குள் இருக்கிறது என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்தோடு முப்பத்தைந்து வருடம் மரியாதையாகப் பிழைத்தும்விட்டார்.

"புரியாதது எது?"

சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். பாப் இன். டிராப் ஆஃப். சார்ட் அவுட். கம் ரவுண்ட்.

"எல்லாம் எல்கேஜி பிள்ள வார்த்தை டீச்சர். தனித்தனியாக் கேட்டா தெரியுது. ரெண்டும் சேந்து வந்தா, வேற யாரோ மாதிரி நிக்கி."

"யார் பேசினது?"

"இங்கிலாந்துல ஒரு ஆஸ்பத்திரி. அங்கதான் என் மகன் கெடக்கான்."

சிரித்த பிள்ளைகள் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

ஜெசிந்தா சீட்டை வாங்கினாள். "பாப் இன்னா சும்மா எட்டிப் பாத்துட்டுப் போறது. டிராப் ஆஃப்னா கொண்டுவந்து விட்டுட்டுப் போறது, கண் அசந்து போறதுக்கும் சொல்லுவாங்க. சார்ட் அவுட்னா ஒழுங்கு பண்றது. கம் ரவுண்ட்னா நினைவு திரும்புறது."

அவர் கடைசிச் சொல்லிலேயே நின்றுவிட்டார்.

"திரும்பலைன்னா?"

"முன்னால ஒரு 'நாட்' இருக்கும்."

"இருக்கு."

அவள் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினாள். "புட் ஆன்." எழுந்து போய் விளக்கை அணைத்தாள். "புட் அவுட்." இருட்டில்லை, பகல்தான், ஆனாலும் தகரத்துக்குக் கீழே மங்கிவிட்டது.

"புட்னா வைக்கிறது. பின்னால ஒட்டுற சின்ன வார்த்தைதான் வேலையைச் சொல்லும். 'புட் ஆஃப்' தெரியுமா?"

"தெரியாது."

"நாளைக்கு வாங்க."

"அதுக்கு அர்த்தம் சொல்லலையே?"

"நாளைக்கு வாங்க அண்ணாச்சி."

மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வயதில் படியேறி வந்த ஆளை இப்படியா விரட்டுவது என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். பாதிப் படியில் கால் நின்றது. நாளைக்கு என்று தள்ளிவைக்கிறது.

அப்படியே திரும்பி ஏறிப் போய் வாசலில் நின்று, "புரிஞ்சுது டீச்சர்" என்றார்.

"அப்ப நாளைக்கு வாங்க" என்றாள் அவள்.

*

அவள் சொல்லிக்கொடுத்த விதமே அப்படித்தான். நோட்டுப் போடாதீர்கள், செய்து பாருங்கள் என்பாள். உட்கார வைப்பாள், எழுந்திருக்க வைப்பாள். இருபது குமரிப் பிள்ளைகளுக்கு நடுவில் கோமதிநாயகம் திரும்பி நின்று 'டர்ன் அரவுண்ட்' படித்தார். பையைத் தூக்கி 'பிக் அப்' படித்தார். பேனாவைத் தொலைத்துவிட்டுத் தேடி 'லுக் ஃபார்' படித்தார்.

ஆனால் பத்திர எழுத்தர் நோட்டுப் போடாமல் இருப்பாரா? நீளக் கணக்கு நோட்டு ஒன்று வாங்கி நாலு பத்தி கோடு போட்டார். வரிசை எண், சொல், பொருள், குறிப்பு. தினமும் பத்துச் சொல். சில நாள் பதினைந்து. எழுத்து முத்து முத்தாக இருக்கும். நர்ஸ் பிள்ளைகளே அதை வாங்கி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மனப்பாடம் என்றால் அப்படி ஒரு மனப்பாடம். குளிக்கும்போது சொல்லுவார். பஸ்ஸில் உதடு அசையும். அலுவலகத்தில் கிரயப் பத்திரம் எழுதும்போதுகூட, நான்கு எல்லைகளுக்கும் நடுவே ஒரு 'கிவ் இன்' வந்து போகும்.

வீட்டில் உலகம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். மூட்டுவலிக்காரி. அதிகம் பேசமாட்டாள். அவர் சொல்லிப் பார்க்கிற வார்த்தை எதற்கும் அர்த்தம் கேட்டதில்லை.

*

கந்தவேல் ஒரே பிள்ளை. முப்பத்து மூன்று வயது. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தில் ஒரு காலை வேலைக்குக் கிளம்பும்போது மண்டைக்குள் ரத்தக்குழாய் வெடித்து வாசலிலேயே விழுந்துவிட்டான். யார் மேலும் குற்றமில்லை. குற்றம் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

தலையைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். கண் திறக்கவில்லை. தொண்டையில் துளை போட்டு மெஷினோடு சேர்த்திருந்தார்கள். முதல் மாதம் கூட இருந்த நண்பன் தமிழில் செய்தி சொன்னான். வேலை மாறி அவன் வேறு ஊருக்குப் போனபிறகு ஆஸ்பத்திரியிலிருந்தே கூப்பிட்டார்கள்.

போய்ப் பார்க்கலாம். பாஸ்போர்ட் வேண்டும். விண்ணப்பத்தை அவரே நிரப்பினார். அது மேஜை டிராயருக்குள் இருந்தது. ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்து, இன்றைக்கே கொண்டுபோய்க் கொடு என்று விரட்டுகிறவர், தன் மனுவை மட்டும் கொடுக்கவில்லை. உலகம்மாளைத் தனியே விட்டுப் போக முடியாது என்பார். அதுவும் உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றரைக்கு போன் வரும். அங்கே காலை பத்து மணி. ஹேசல் என்று ஒரு நர்ஸ். சின்னக் குரல்.

போனைச் சத்தமாக வைத்து மேஜையில் வைப்பார். பக்கத்தில் வெள்ளைத்தாள். அவள் பேசப் பேச எழுதுவார். பத்திரம் எழுத வந்த பார்ட்டி வாயிலிருந்து வருவதை விழாமல் பிடித்து எழுதிப் பழகிய கை அது. இங்கிலீஷைத் தமிழ் எழுத்திலேயே ஓட்டிக்கொண்டு போகும். ஒரு சொல் தப்பாது.

கடைசியில் அவள் ஒவ்வொரு வாரமும் ஒன்று கேட்பாள். தமிழில் பேச ஒரு ஆளை ஏற்பாடு செய்யட்டுமா?

"நோ, நோ. நாட் நெசசரி, மேடம். ஐ ஆம் எ டாக்குமென்ட் ரைட்டர்."

போனை வைத்ததும் உலகம்மாள் கேட்பாள். "என்ன சொல்லுதா அந்தப் பிள்ள?"

"அப்படியேதான் இருக்கானாம். சளி கட்டிருக்காம், மருந்து போடுதாங்க. மிச்சம் சரியாப் புரியல."

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு காப்பி போட எழுந்து போவாள்.

*

ஏழாவது ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் அவர் நோட்டைக் கொண்டுவந்து டீச்சர் மேஜையில் போட்டார். போட்டார் என்றுதான் சொல்லவேண்டும்.

"முன்னூத்திப் பன்னெண்டு வார்த்தை டீச்சர். எதை வேணா கேளுங்க."

அவள் கேட்டாள். "புட் அப் வித்."

"பொறுத்துக்கிடுறது."

"ரன் அவுட் ஆஃப்."

"தீந்துபோறது."

"டர்ன் டவுன்."

"வேண்டாம்னு மறுக்கிறது."

"எல்லாம் சரியா இருக்கே."

"சரியா இருந்து என்னத்துக்கு? போன் வந்தா ஒண்ணும் பிடிபடல. நேத்தும் அப்படித்தான். நீங்க சொல்லிக்கொடுக்கதுல எங்கயோ கோளாறு இருக்கு."

டீச்சரைக் குறை சொல்லிக் கேட்டு அந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை.

ஜெசிந்தா நோட்டைத் திறக்காமல் மூடியபடியே அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்க என்ட்ட கேக்காத வார்த்தை எது அண்ணாச்சி?"

"கேக்காததா? கேக்காததை எப்படிச் சொல்ல முடியும்?"

"வீட்டுல தேடிப் பாத்துட்டு வாங்க."

"என்ன டீச்சர் வெளையாடுதிய? எம் மகன் அங்க..."

"போன்ல பேசுறதை எழுதி வைக்கேன்னு சொன்னீயளே. அந்தத் தாளையெல்லாம் நாளைக்குக் கொண்டுவாங்க."

மறுநாள் அவர் தாள் கொண்டுவரவில்லை. மறந்துவிட்டது என்றார். அதற்கு மறுநாளும் மறந்தார். முப்பத்தைந்து வருடத்தில் ஒரு பத்திரத்தின் நகலைக்கூட மறந்து வைத்தவரில்லை.

மூன்றாவது நாள் அவள் வகுப்புக்குள் விடவில்லை. "எடுத்துட்டு வாங்க. படியிலேயே நிக்கேன்" என்றாள். நின்றாள். வெயிலில் முக்கால் மணி நேரம், அவர் வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவரை.

*

ஏழு தாள். ஒவ்வொன்றிலும் மேலே தேதி, நேரம். கீழே பேசியவர் பெயர்.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஜெசிந்தா படித்தாள். முதல் தாளைப் படித்தாள். இரண்டாவதைப் படித்தாள். ஐந்தாவது தாளில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். ஒரு சொல் விடாமல் எழுதியிருந்தது. பேச்சு நின்ற இடத்தில் மூன்று புள்ளி வைத்திருந்தார். ஹேசலுக்கு அழுகை வந்த இடத்திலும் மூன்று புள்ளிதான்.

படித்து முடித்தும் அவள் தாளைப் பற்றிப் பேசவில்லை.

"அண்ணாச்சி, உங்க வேலையப் பத்தி ஒண்ணு கேக்கணும். பத்திரம் எழுதினா பார்ட்டிக்கு வாசிச்சுக் காட்டுவீயளா?"

"பின்னே?" அவருக்கு முகம் தெளிந்தது. தெரிந்த ஊருக்கு வந்துவிட்டார். "ஒரு எழுத்து விடாம வாசிப்பேன். புரிஞ்சுதான்னு மூணு தடவ கேப்பேன். புரிஞ்சுதுன்னு வாயத் தொறந்து சொன்னாத்தான் கையெழுத்து. சொல்லாம பேனாவ எடுத்தவன் கையப் புடிச்சு நிறுத்திருக்கேன். எந்தக் கொம்பனா இருந்தாலும் சரி."

"மூணு தடவையும் புரியலைம்பவங்க உண்டா?"

"உண்டு உண்டு. பாகப்பிரிவினைன்னா கட்டாயம் ஒருத்தன் இருப்பான்."

"படிக்காத ஆளா இருக்கும்."

"படிக்காதவனா? நீங்க ஒண்ணு. படிக்காதவன் மொதத் தடவையே புரிஞ்சுக்கிடுவான். புரியல புரியலைம்பான் பாருங்க, அவனுக்குத்தான் எல்லாருக்கும் மின்னாடி புரிஞ்சிருக்கும். கையெழுத்துப் போட்டா வீடு ரெண்டாயிரும்லா? அது அவனால தாங்க முடியாது. அதான், இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்பான், அந்த வரிக்கு என்ன அர்த்தம்பான். சம்பந்தமே இல்லாத வரியா பாத்துக் கேப்பான். கேக்க வேண்டிய வரிய மட்டும்..."

அவர் நிறுத்தினார்.

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேர்வைதான் என்பதுபோலத் துடைத்தார்.

ஜெசிந்தா முதல் தாளை எடுத்து அவர் பக்கம் திருப்பினாள். ஒரு வரியில் விரலை வைத்தாள். இரண்டாவது தாளை எடுத்தாள், அதிலும் வைத்தாள். மூன்று. நான்கு. ஏழு தாளிலும் அந்த வரி வெவ்வேறு இடத்தில் இருந்தது. வரி ஒன்றுதான்.

"வாசிங்க."

அவர் வாசித்தார். வாசிப்பதில் அவருக்கு எப்போதும் தடங்கல் கிடையாது.

"ஹீ இஸ் நாட் கோயிங் டு புல் த்ரூ. வீ டோன்ட் வான்ட் டு புட் ஹிம் த்ரூ எனி மோர். இட் இஸ் டைம் டு லெட் ஹிம் கோ."

"புல் த்ரூ, புட் த்ரூ, லெட் கோ. முன்னூத்திப் பன்னெண்டுல இந்த மூணும் இருக்கா?"

"இல்ல."

"ஏழு தடவ எழுதிருக்கீய. ஒரு தடவகூட என்ட்ட கேக்கலையே."

"விட்டுப்போச்சு."

"தமிழ்ல சொல்லுங்க."

"தெரியாது டீச்சர்."

"அண்ணாச்சி."

"தெரியாதுங்கேன்லா!" கத்திவிட்டார். "இன்னும் நூறு வார்த்தை படிக்கணும். படிச்சா எல்லாம் சேந்து வெளங்கும். நீங்களே மொத நாள் என்ன சொன்னீய? பின்னால ஒட்டுற சின்ன வார்த்தையில எல்லாமே மாறும்னு சொன்னீயளா இல்லையா? இதுலயும் ஏதாவது மாத்தம் இருக்கும். ஒரு பத்து நாள் பொறுங்க. நான் படிச்சுருவேன். எனக்கு மனப்பாடம் நல்லா வரும்."

அவள் தாளை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க பெத்த பிள்ளையா? உங்களுக்கு என்ன தெரியும்?"

சொன்னபிறகு அவருக்கே சொல்லியிருக்கக்கூடாது என்று தோன்றியது.

"எனக்குப் பிள்ள இல்ல" என்றாள் ஜெசிந்தா. "நான் அந்த போன் பண்ணினவ."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த மாதிரி வார்டுலதான் கடைசி நாலு வருசம். எனக்கும் ஞாயித்துக்கிழமை போன் உண்டு. ஒரு அப்பாகிட்ட பதினோரு வாரம் பேசினேன். இங்கிலீஷ்காரர்தான். பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் வாத்தியார். அவரும் புரியலன்னார்."

"அப்புறம்?"

"பதினோரு வாரமும் அந்தப் பையனுக்கு நாந்தான் சளி எடுத்தேன்."

அவருக்கு விளங்கவில்லை. அவள் தன் தொண்டைக்குழியைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்தத் துளை வழியா குழாய உள்ள விடணும். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவ. நெஞ்சுல நெறைய கட்டிருந்தா இன்னும் கூட."

"வலிக்குமா?"

"நினைவில்லாத ஆளுக்கு வலி தெரியாதும்பாரு டாக்டர்."

"நீங்க சொல்லுங்க."

"உடம்பு துள்ளும்" என்றாள். "கையப் புடிச்சுக்கிடுவேன்."

கோமதிநாயகம் தன் கையைப் பார்த்தார். எழுதி எழுதி நடுவிரலில் காய்ப்பு ஏறியிருந்த கை. ஏழு வாரம். ஒரு நாளைக்கு ஏழெட்டு. எதையும் பெருக்கிப் பார்க்காமல் இருக்க முடியாத மனது அவருக்கு. பெருக்கிப் பார்த்துவிட்டு, அங்கேயே பெஞ்சியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் அழுத சத்தம் கீழே கடைவரை கேட்டிருக்கும். கடைக்காரன் மெஷினை நிறுத்தினான்.

ஜெசிந்தா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஏழாவது தாளின் கடைசிப் பத்தியைக் காட்டினாள்.

"இதையும் நீங்கதான் எழுதிருக்கீய. வாற ஞாயித்துக்கிழமை டாக்டரே பேசுவாராம். தமிழ் தெரிஞ்ச ஆளையும் போன்ல கூட்டிட்டு வருவாராம், நீங்க வேண்டாம்னாலும். இது புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"அப்ப அன்னைக்கு உங்க வீட்டம்மாட்ட தமிழ்ல யாரு சொல்லுவா?"

யாரோ ஒருத்தன். முகம் தெரியாத ஆள். உலகம்மாள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவர் தாள்களை அடுக்கினார். நோட்டை எடுத்தார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார்.

"நாளைக்கு எத்தன மணிக்கு டீச்சர்?"

"நாளைக்கு வேண்டாம். உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க என்ட்ட ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

*

அன்றைக்கு அவர் அலுவலகம் போகவில்லை. நேரே வீட்டுக்குப் போனார். வழியில் எந்த வார்த்தையையும் சொல்லிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனார்.

உலகம்மாள் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நடுப்பகலில் அவரைக் கண்டதும் ஏன் என்று கேட்கவில்லை. கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

அவர் உட்கார்ந்தார். முறத்திலிருந்து ஒரு கொத்தை எடுத்து அவரும் ஆய்ந்தார். அந்த வேலை அவருக்குத் தெரியாது. தண்டையும் இலையையும் சேர்த்தே கிள்ளிப் போட்டார். அவள் அதையும் ஒன்றும் சொல்லவில்லை.

"உலகு."

"சொல்லுங்க."

பத்திரம் வாசிக்கிற குரல் வரவில்லை.

"அந்தப் பிள்ள போன்ல சொல்லுதது என்னன்னா, நம்ம கந்தவேலு பொழைக்க மாட்டானாம்."

அவள் ஒரு இலையைக் கிள்ளினாள்.

"இனியும் அவன வாதிக்க வேண்டாம்னு சொல்லுதாங்க."

இன்னொரு இலை.

"மெஷின எடுத்துட்டு... விட்டுருவோமான்னு கேக்காங்க."

அலறுவாள் என்று நினைத்திருந்தார். பிடித்துக்கொள்ளக் கையைக்கூட எடுத்து வைத்திருந்தார். அவள் முறத்தை மட்டும் மடியிலிருந்து இறக்கிக் கட்டிலில் வைத்தாள்.

"உலகு, நான் சொன்னது கேட்டுதா?"

"கேட்டுது. மொத வாரமே கேட்டுது."

"உனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே?"

"அந்தப் பிள்ளைக்குத் தொண்ட அடச்சுச்சே. ரெண்டாவது வாரம் அழுதுட்டு மூக்கச் சிந்துச்சு. அதுக்கெதுக்கு இங்கிலீஷ்?"

அவர் கட்டிலை விட்டு எழுந்துவிட்டார். கோபமா துக்கமா என்று அவருக்கே தெரியவில்லை.

"தெரிஞ்சுமா சும்மா இருந்த? நோட்டத் தூக்கிக்கிட்டு கிறுக்கன் மாதிரி அந்த மாடியில ஏறி எறங்கினேனே. என்ட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?"

அவள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீங்க புரியலன்னு சொன்னீய. எம்பிள்ள இன்னும் ஒரு வாரம் இருந்தாம்லா."